முதல் தட்டு, இடது மூலை

அந்த வீட்டில் பூண்டு வாங்கி ஏழு வருஷம் ஆகிறது. ஆனாலும் வாசல் கதவைத் திறந்தால் முதலில் பூண்டு வாசம்தான் வந்து வரவேற்கும். போர்வையில் பூண்டு, தலையணையில் பூண்டு, அவருடைய சட்டையை எத்தனை தடவை அலசிப் போட்டாலும் அதே பூண்டு. பஸ்ஸில் அவர் ஏறி உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் அடுத்த நிறுத்தத்தில் எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காலியான இடத்தில் மனைவி உட்காருவாள்.

"உங்க புண்ணியத்துல ஒரு நாள்கூட நின்னுக்கிட்டு வந்ததில்ல" என்பாள்.

அது தின்று வந்த வாசம் இல்லை. உலோகத்தால் வந்தது. இருவருக்கும் ஊர் எல்லையில் இருந்த வட்டுத் தொழிற்சாலையில் வேலை. டெல்லூரியம் என்று ஒரு உலோகத்தை உருக்கி, ஆவியாக்கி, பிளாஸ்டிக் வட்டுகளின் மேல் படிய வைப்பார்கள். அதன் தூசி துளி உள்ளே போனால் போதும், மூச்சும் வேர்வையும் மாசக்கணக்கில் பூண்டாகிவிடும். அதனால் அவருக்கு அங்கே பூண்டண்ணன் என்று பேர். வீட்டுக்கு வருகிற தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அவளுக்குக் கழுகக்கா என்று பேர். பூண்டண்ணன் தோல் பூசிய வட்டுகளை மறுநாள் இருட்டுக் கூண்டில் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து அனுப்புவது அவள் வேலை. தோல் என்றுதான் அவர்கள் சொல்வார்கள். ஒரு தலைமுடியை வெங்காயம் மாதிரி இரண்டாயிரம் ஏடாக உரித்தால் ஓர் ஏடு எவ்வளவு கனம் இருக்குமோ, அவ்வளவுதான் அந்த உலோகத் தோல். விளக்குக்கு முன் பிடித்தால் தேநீர் நிறத்தில் தெரியும். பிறகு வாங்கினவர்கள் அதன் மேல் லேசர் ஒளியால் குத்துவார்கள். குத்தின இடம் உருகி விலகி, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை விழும். துளை, துளையில்லாத இடம், மறுபடி துளை. அதுதான் எழுத்து. பிறந்தவர் பேர், போனவர் பேர், வீட்டுப் பத்திரம், வழக்குத் தீர்ப்பு எல்லாம் அப்படி எழுதினதுதான். ஒருதரம் எழுதினால் அழிக்க முடியாது.

ஆனால் யாரும் குத்தாமல் தானாக ஒரு துளை விழுந்துவிட்டால் போச்சு. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஒரு துளை என்றால் அது ஒரு பக்கத்தையே விழுங்கிவிடும். விளக்குக்கு முன்னால் அது வெள்ளைப் புள்ளியாக மினுக்கும். கழுகக்கா கண்ணுக்கு அது தப்பினதாகச் சரித்திரம் இல்லை. அரிசியில் கல் பார்க்கும்போதும் அப்படித்தான். "நீ பாத்த அரிசியில கல்லு மட்டுமா போகுது, பாதி அரிசியும் போகுது" என்பாள் நாத்தனார்.

நாத்தனார் என்றால் பூண்டண்ணனுக்கு அக்கா. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்தவள். முழங்கால் வலி, வாய் மட்டும் வலியே இல்லாமல் நடக்கும். சமையல் அவள் கையில்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பூண்டண்ணனுக்கு வயிற்றில் புண் முற்றி, அறுத்துத் தைத்தார்கள். அன்றையிலிருந்து அவருக்கு உறைப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. மசித்த உருளைக்கிழங்கு, காய்கறி வேக வைத்த சாறு, அதுவும் சூடாக.

"ஆறினது உள்ள போச்சுன்னா தையல் பிரிஞ்சிடும்" என்று நாத்தனார் தானே ஒரு வைத்தியம் சேர்த்துக்கொண்டாள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஆறினதைச் சாப்பிட்ட நாட்களில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டதென்னவோ உண்மை.

ஃபிளாஸ்க் வாங்கிப் பார்த்தார்கள். பஸ் நெரிசலில் மூன்றாம் மாசமே உள்ளே கண்ணாடி கலகலத்தது. இன்னொன்று வாங்கினார்கள், அதற்கும் அதே கதி. தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையிலோ அடுப்பு கிடையாது, நாற்காலிதான் உண்டு. அப்புறம் எவர்சில்வர் டப்பாதான். அதைச் சூடாக்கிக் கொடுப்பது கழுகக்கா பொறுப்பு. எப்படி என்று நாத்தனாரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. சூடாக வந்தது, சாப்பிட்டார்.

மழை பிடித்துப் பதினாறாம் நாள், திங்கட்கிழமை, பதிவு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தாள். பிறப்பு இறப்புப் பதிவுகளை எல்லாம் வட்டில் ஏற்றும் வேலை அவள் பொறுப்பில் இருந்தது. கையில் துண்டால் சுற்றின மூட்டை. தரம் சார் மேசையில் அதை வைத்தாள். தரம் பார்க்கும் அதிகாரி என்பதால் அவருக்கு அந்தப் பேர். நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா இது, சலவைக்கா?" என்றார் தரம் சார்.

"நீங்க குடுத்த வட்டுதான். முப்பது இருக்கு. நூறு வருஷம் உழைக்கும்னு சொல்லித்தானே குடுத்தீங்க? ஒண்ணரை வருஷத்துல கண்ணு தெரியாம போயிடுச்சு. வயசுச் சான்று வேணும்னு ஒரு பாட்டி மூணு நாளா எங்க பெஞ்சுலயே உக்காந்திருக்காங்க. அவங்க பொறந்த பக்கம் மட்டும் படிக்க வர மாட்டேங்குது. நீங்க இன்னும் பொறக்கலன்னு எழுதிக் குடுக்க முடியுமா?"

"பழைய பேரேட்டைப் பாக்கறதுதானே?"

"எல்லாத்தையும் கட்டிக் கிடங்குல அடுக்கியாச்சு சார். மாசக் கடைசியில காகிதக் கூழாலைக்கு லாரி வருது. வட்டுல ஏறினப்புறம் காகிதம் எதுக்குன்னு மேலிடத்து உத்தரவு. அதுக்குள்ள எனக்கு ஒண்ணு தெரியணும். இந்த முப்பதோட போச்சா, இன்னும் இருக்கா?"

"வெள்ளிக்கிழமை வாங்க. எழுத்துல தர்றேன்" என்றார் அவர்.

அவள் போனதும் பூசும் அறைக் குறிப்பேட்டை வரவழைத்துப் புரட்டினார். பூண்டண்ணனைக் கூப்பிட்டார். அவர் தலைமுதல் கால்வரை மூடின வெள்ளை உடுப்போடு, முகமூடியை மட்டும் இறக்கிக்கொண்டு வந்து நின்றார். தரம் சார் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். பூண்டு.

"பம்ப் எவ்வளவு நேரம் ஓடணும்?"

"ரெண்டே முக்கா மணி சார். உள்ள பொட்டுக் காத்து இருக்கக் கூடாது. இருந்தா தோல் ஒட்டாது."

"போன வருஷம் இங்க ஒரு நாள் ரெண்டு மணி பத்து நிமிஷம்னு எழுதியிருக்கு."

"ஃபோர்மேன் அவசரம்னார் சார். எழுதி வச்சேன்."

"எழுதின நாள் ஒண்ணு. எழுதாத நாள் எத்தனை?"

பூண்டண்ணன் இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பம்போடு இருக்கிறவர். வட்டுகளுக்குத் தோல் பூசும் எஃகுக் கூண்டின் மேல் கையை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்பார். முதலில் அது எருமை மாதிரி முக்கும், பிறகு கிழவர் மாதிரி மூச்சு வாங்கும், கடைசியில் தூங்குகிற குழந்தை மாதிரி ஆகும். "அடங்கிடுச்சு" என்பார். முள் காட்டுவதற்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுத்துடுங்க, அவசரத்துல திறந்துட்டேன்னு. வேலை போகாது, அதுக்கு நான் பொறுப்பு. பம்பை வேற ஆள் பாத்துக்கட்டும். நீங்க அட்டைப்பெட்டிப் பிரிவுக்குப் போயிடலாம். ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தானே?" என்றார் தரம் சார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஈரத்துணி சமையலறைக் கொடியில் தொங்கியது. பதினாறு நாளாக எதுவும் காயவில்லை. தலைக்கு மேல் ஒரு பாவாடை சொட்டிக்கொண்டிருக்க, மூவரும் சாப்பிட்டார்கள். பூண்டண்ணன் விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது ஏதோ பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் மாதிரி இருந்தது குரல்.

"எழுதிக் குடுத்துட்டு வாடா" என்றாள் நாத்தனார். "இருபத்திரண்டு வருஷம் அந்தப் பம்பு உனக்கு என்ன பண்ணுச்சு? வயித்துல ஓட்டை போட்டுச்சு. பொட்டி ஒட்டு. உக்காந்த எடத்துல வேலை. பூண்டு வாசமாவது போகும்."

"நீங்க அவசரப்பட்டீங்களா?" என்று கேட்டாள் கழுகக்கா.

"தெரியல."

"தெரியலன்னா?"

"ஒரு நாள் பட்டேன். மத்த நாளெல்லாம் காதுல கேட்டுத்தான் திறந்தேன். ஆனா காதும் அம்பத்தாறு வயசு ஆச்சுல்ல? அது அடங்கிச்சா, எனக்குத்தான் கேக்கலையா, யாரு கண்டா?" சாற்றைக் குடித்துவிட்டுக் கையைக் கழுவினார். "களைப்பா இருக்கு. எழுதிடறேன்."

அவளுக்கு அது பொறுக்கவில்லை. புருஷன் பொய் சொல்லிக் கேட்டிருக்கிறாள், சோம்பல்பட்டுப் பார்த்திருக்கிறாள். பம்பைப் பற்றித் தெரியல என்று அவர் சொல்லி அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் தரம் சார் அந்த முப்பது வட்டையும் அவளிடமே கொடுத்தார். "துளை எத்தனைன்னு எண்ணி மட்டும் குடு. வேற எதுவும் வேண்டாம்" என்றார்.

கூண்டுக்குள் இருட்டு. முக்காலி ஒன்று, விளக்கு ஒன்று. ஈரத்தில் விளக்கின் தகரம்கூட வியர்த்தது. முதல் வட்டைப் பிடித்தாள். தேநீர் நிறத் தோலில் வெள்ளைப் புள்ளிகள் பொரிந்திருந்தன. தான் இவற்றைப் பார்த்து அனுப்பியிருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அனுப்பினபோது இவை இல்லை. அப்புறம் வந்தவை. பல்லில் சொத்தை மாதிரி உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வந்தவை.

எண்ணினாள். இருபத்தேழு. எழுதினாள். அடுத்தது, நாற்பத்தொன்று. எண்ணிக்கையோடு உள்வட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் எழுதிக்கொண்டே போனாள். யாரும் கேட்கவில்லை, பழக்கம். தேதி, பிறகு தட்டு எண், பிறகு இடது மூலையிலிருந்து எண்ணினால் தட்டில் அது இருந்த இடம். பூசுவதற்கு முன்னால் வட்டுகளை உலர்த்துகிற அடுப்பு ஒன்று உண்டு. பிளாஸ்டிக் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும், அதை வெளியேற்றாமல் பூசினால் தோல் கெட்டுப்போகும். அந்த அடுப்பில் எட்டுத் தட்டு. ஒன்றாம் தட்டு அடியில், எட்டாம் தட்டு மேலே. காலையில் தட்டுகளை ஏற்றுவதும் பன்னிரண்டு மணிக்கு இறக்கிப் பூசும் அறைக் கதவில் கொடுப்பதும் அவள்தான்.

பத்து வட்டு முடிந்தபோது ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். தேதி பத்தும் வேறு வேறு. தட்டு எண் பத்திலும் ஒன்று. இடம் இரண்டு, நான்கு, ஒன்று, ஐந்து, மூன்று.

இருபது முடிந்தது. தட்டு ஒன்று. இடம் ஐந்தைத் தாண்டவில்லை.

முப்பதும் முடிந்தது.

பம்ப் கெட்டிருந்தால் எஃகுக் கூண்டுக்குள் இருந்த அத்தனையும் கெட்டிருக்கும். பம்புக்கு ஒன்றாம் தட்டு எது, எட்டாம் தட்டு எது என்று தெரியுமா? அவளுக்கு மனசு லேசானது. அப்பாடா, அவர் காது நன்றாகத்தான் இருக்கிறது. எழுந்து, இதைத் தரம் சாரிடம் காட்டலாம் என்று வெளியே வந்தாள். மணி பன்னிரண்டடித்தது. முதலில் தட்டுகளை இறக்கிவிட்டுப் போகலாம் என்று அடுப்புக் கதவைத் திறந்தாள்.

அடியில், இடது மூலையில், எவர்சில்வர் டப்பா இருந்தது.

பதினொரு மணிக்கு அவள்தான் வைத்தாள். இரண்டு வருஷமாகத் தினமும் பதினொரு மணிக்கு. மூடியை இறுக்கி வைத்தால் சூட்டில் பிடித்துக்கொண்டு திறக்க வராது என்று அரைத் திருகு தளர்த்தி வைப்பாள். கதவில் 'வட்டு தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அவள் அதைப் படிக்காமல் இல்லை. இரும்புத்தூள், எண்ணெய்த் துணி, அந்த மாதிரியானவற்றுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டாள். சாப்பாட்டையெல்லாம் யார் நினைத்து எழுதப்போகிறார்கள்?

குனிந்து ஒன்றாம் தட்டின் அடியைத் தொட்டாள். விரலில் ஈரம். காய்கறிச் சாற்றின் வாசம்.

டப்பாவை எடுத்தாள். சுட்டது. முந்தானையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு கொண்டுபோய்ப் பூண்டண்ணனிடம் கொடுத்தாள். அவர் திறந்து, ஆவியை ஊதி ஊதிச் சாப்பிட்டார். "நீ சாப்பிடல?" என்றார். "பசிக்கல" என்றாள்.

அன்று அவர் துணிக்கடை வாசலில் குடை பழுதுபார்க்க இறங்கிக்கொண்டார். அவள் முன்னால் வீடு வந்து சேர்ந்தாள்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. கெழங்கு உரிச்சுக்கிட்டே கேக்கறேன். காதுக்கு வேற வேலையா?"

"கெட்ட வட்டெல்லாம் டப்பா வச்ச எடத்துக்கு நேர் மேல இருந்தது."

"எந்த டப்பா?"

"நீங்க குடுத்து அனுப்பற டப்பா."

நாத்தனார் கத்தியை நிறுத்தினாள். "என் சாப்பாட்டுல என்னடி குத்தம்?"

"சாப்பாட்டுல இல்ல அண்ணி. ஆவியில. நான் வட்டு காயவைக்கற அடுப்புலதான் சூடு பண்ணேன். ஆவி மேல போய் அஞ்சு வட்டுல ஈரம் ஏறிடுச்சு. அதுக்கு மேல தோல் பூசியாச்சு. உள்ளயே இருந்து அரிச்சிருக்கு."

"ஆவியாம் ஆவி. செத்தவங்க ஆவி பிடிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். சூப்பு ஆவி பிடிச்சு இப்பத்தான் கேக்கறேன்." சொல்லிவிட்டாளே தவிர, முகம் வெளுத்துவிட்டது. "யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"அப்ப வாயை மூடிக்க. அவன் எழுதிக் குடுத்தா பொட்டி ஒட்டுவான், சம்பளம் வரும். நீ சொன்னா உன்னைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுவாங்க. அம்பது வயசுல உனக்கு யாரு வேலை வச்சுக்கிட்டுக் காத்திருக்கா? கண்ணு நல்லா இருக்குன்னு எந்தக் கடையில சம்பளம் தர்றாங்க?"

"பம்புதான் காரணம்னா முப்பதோட முடிஞ்சுதுன்னு சொல்லிடுவாங்க அண்ணி. இது தினமும் அஞ்சு, ரெண்டு வருஷம். அந்த அலுவலகத்துக்கே எண்ணூறுக்கு மேல போயிருக்கும். இன்னும் தெரியல, அவ்வளவுதான். பேரேட்டை லாரியில ஏத்திட்டாங்கன்னா அப்புறம் எண்ணூறு வட்டுல இருக்கறவங்க பொறந்ததுக்குச் சாட்சி இல்ல."

"நான் பொறந்ததுக்கும்தான் சாட்சி இல்ல. அதுக்காக முழங்கால் வலிக்காமலா இருக்கு?" நாத்தனார் மறுபடி கிழங்கை எடுத்தாள். தோலை ரொம்ப ஆழமாகச் சீவினாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "சூடா குடு, சூடா குடுன்னு உன் உயிரை எடுத்தது நான்தான்."

"குடுக்கணும்னு எனக்கும்தான் இருந்துச்சு."

கொடியிலிருந்து பாவாடை சொட்டிக்கொண்டே இருந்தது.

புருஷனிடம் சொல்ல அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் டப்பாவை அடுப்பில் வைக்கவில்லை. விளக்குக் கூண்டின் தகரத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பு வந்தது, சூடு வரவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் பாதி சாப்பிட்டு மூடிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்கு நடக்கும்போது, அவர் சட்டைப்பையில் மடித்த காகிதம் தெரிந்தது.

"எழுதிட்டீங்களா?"

"ம்."

"குடுக்காதீங்க." குடையைத் தாழ்த்திக்கொண்டு, நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மேடு பள்ளம் பார்த்துத் தண்ணீரில் கால் வைத்தபடி சொன்னாள். தட்டு எண், இடது மூலை, அரைத் திருகு மூடி. அவர் நின்றுவிட்டார். அவள் இரண்டு அடி போய்த்தான் திரும்பினாள்.

அவர் முகத்தில் முதலில் வந்தது சிரிப்பு. அப்புறம் அது எங்கேயோ போய்விட்டது.

"நாலு நாளு" என்றார். "நாலு நாளா அந்தக் கூண்டுகிட்ட காதை வச்சு வச்சு, இது அடங்கற சத்தமா, இல்ல எனக்குத்தான் காது அவிஞ்சுபோச்சான்னு பைத்தியக்காரன் மாதிரி நின்னேன். மூணு மணி நேரம் ஓட விட்டேன். மூணேகால் ஓட விட்டேன். அப்பவும் நம்பிக்கை வரல. நீ செவ்வாக்கிழமையே தெரிஞ்சு வச்சுக்கிட்டு எனக்கு டப்பாவை எடுத்துக் குடுத்தியா?"

"பயமா இருந்துச்சுங்க."

"உனக்கு வேலை போயிடும்னா?"

"அதுவும்தான். நீங்க இனிமே சூடாவே சாப்பிட மாட்டீங்கன்னு."

அவருக்குக் கோபம் தணியவில்லை. ஆனால் கோபப்படவும் தெம்பு வேண்டும். தூரத்தில் பஸ் வளைவில் திரும்பியது. காகிதத்தைப் பையிலிருந்து எடுத்தார், கிழிப்பார் என்று நினைத்தாள். கிழிக்கவில்லை. அவள் கையில் கொடுத்தார்.

"இதை நீயே வச்சுக்க. குடுக்கறதும் கிழிக்கறதும் உன் பாடு. வா, பஸ் வந்துடுச்சு."

பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்து போனார். அவள் உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்த 'உங்க புண்ணியத்துல' வசனத்தைச் சொல்லவில்லை.

தரம் சார், டப்பா விஷயத்தையும் சொல்லி அவள் நீட்டின பட்டியலை இரண்டு தரம் படித்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இதைப் பாக்கச் சொன்னேனா நான்? துளையை எண்ணத்தானே சொன்னேன்?"

"எண்ணித்தான் சார் இருக்கேன்."

"கழுகக்கா, உக்காருங்க." அவர் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தரம். "பம்புன்னா முப்பது வட்டு. ஒரு கடிதம், புதுசா முப்பது குடுத்துடுவோம், முடிஞ்சுது. அடுப்புன்னா ரெண்டு வருஷத்துச் சரக்கு. யார் யாருக்குப் போச்சோ அத்தனை பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க. உங்க வீட்டுக்காரர் கடிதம் எங்க? குடுங்க. அவரைப் பம்பைவிட்டு மாத்தக்கூட வேண்டாம், ஒரு எச்சரிக்கையோட விட்டுடறேன். நீங்களும் உங்க எடத்துல இருங்க. அடுப்புல இனிமே எதுவும் வைக்காதீங்க. நான் எதையும் கேக்கல, நீங்க எதையும் சொல்லல."

மடியில் காகிதம் இருந்தது. அதை நீட்டினால் போதும். பம்பும் அவருக்கு, கூண்டும் அவளுக்கு. எவ்வளவு சுலபமாகிவிட்டது. அவள் அந்தக் காகிதத்தைப் பிரித்தாள். 'நான் அவசரத்தில் திறந்துவிட்டேன், என் காது முன்போல இல்லை' என்று எழுதியிருந்தார். அவர் கையெழுத்து எப்போதும் நேராக இருக்கும். இதில் வரி கீழே சரிந்துகொண்டே போயிருந்தது.

"அந்தம்மாவுக்கு முப்பதோட போச்சுன்னு எழுதிக் குடுக்கப் போறீங்களா?"

"ஆமா."

"அது தேறாது சார்" என்றாள். கெட்ட வட்டை ஒதுக்கும்போது சொல்கிற அதே சொல்தான், அதே குரல்தான். காகிதத்தை மடித்து மறுபடி மடியில் செருகிக்கொண்டு எழுந்து கதவைத் திறந்தாள்.

பதிவு அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். குடையிலிருந்து வழிந்த தண்ணீர் காலடியில் குளம் கட்டியிருந்தது. கழுகக்கா அவளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"லாரியை நிறுத்துங்கம்மா. பேரேட்டை ஏத்தாதீங்க. வட்டோட உள்வட்டத்துல தேதிக்கு அப்புறம் ஒண்ணுன்னு போட்டு, அதுக்கப்புறம் ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள இருந்தா, அது இன்னிக்கு நல்லா இருந்தாலும் நாளைக்குப் போயிடும். ரெண்டு வருஷத்துச் சரக்குல பாருங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் பண்ணேன்" என்றாள். பின்னால் தரம் சார் நிற்பது தெரிந்தது. திரும்பவில்லை.

அடுத்த வாரமே அவளை வேலையைவிட்டு நீக்கினார்கள். ஆனால் அதிலும் ஒரு கூத்து. எண்ணூற்றுச் சொச்சம் வட்டில் எது உடனே போகும், எது கொஞ்ச நாள் தாங்கும் என்று பார்த்துச் சொல்லத் தொழிற்சாலையில் வேறு கண் இல்லை. அதனால் பதினோரு நாள் பதிவு அலுவலகத்துக்குப் போய் வேலை செய்துவிட்டு, பன்னிரண்டாம் நாளிலிருந்து வர வேண்டாம் என்று உத்தரவு எழுதிக் கொடுத்தார்கள். பூண்டண்ணனைப் பம்பைவிட்டு யாரும் நகர்த்தவில்லை. மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை. அடுப்புக் கதவில் பழைய சிவப்பு எழுத்துக்குக் கீழே 'சாப்பாடு உட்பட' என்று புதிதாக ஒரு வரி வந்தது.

பதிவு அலுவலகத்தில் ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வட்டாக எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். பக்கத்து அறையில் கட்டிப்போட்ட பேரேடுகளை மறுபடி அவிழ்க்கும் சத்தம் கேட்டது. தும்மல் கேட்டது. மூன்றாம் நாள் பதிவு அம்மா துணியை விலக்கித் தலையை மட்டும் நீட்டினாள்.

"அந்தப் பாட்டி பக்கம் பேரேட்டுல கிடைச்சிடுச்சு. பொறந்துட்டாங்கன்னு எழுதிக் குடுத்துட்டோம்."

"எந்த வருஷமாம்?"

"அவங்க சொன்னதைவிட மூணு வருஷம் கூட. அதுல அவங்களுக்கு வருத்தம்."

கழுகக்கா சிரித்தாள். அந்தப் பதினோரு நாளில் அந்த ஒரு தரம்தான்.

கடைசி நாள் மழை விட்டிருந்தது. அவள் வீடு வந்தபோது கொடியில் பாவாடை இல்லை, காய்ந்து மடித்து வைத்திருந்தது. பூண்டண்ணன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நாத்தனார் அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"ஏன்டா, துண்டு ரெண்டு சுத்தி, அதுக்கு மேல காகிதமும் சுத்திக் குடுத்தேனே, மத்தியானம் சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"பொய் சொல்லாத."

"சுட்டுச்சுக்கா. ஊதி ஊதித்தான் சாப்பிட்டேன். இவளையே கேளு."

"அவ எங்கயோ இருந்தா. அவளுக்கு எப்படித் தெரியும்?" என்று முணுமுணுத்தாலும், நாத்தனார் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

கழுகக்கா டப்பாவை எடுத்துக்கொண்டு கழுவும் இடத்துக்குப் போனாள். திறந்தாள். சாறு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. மேலே மெல்லிசாக ஆடை படிந்து, சில்லென்று கிடந்தது. ஓரத்தில் அவர் கரண்டி குத்தின இடத்தில் மட்டும் அது கிழிந்திருந்தது. பின்வாசல் வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் பிடித்துப் பார்த்தாள், பழக்கம்.

"என்ன பாக்கற?" என்றாள் நாத்தனார். "மிச்சம் வச்சிருக்கானா?"

"இல்ல அண்ணி" என்றாள். "வழிச்சுச் சாப்பிட்டிருக்கார்."

தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் வராமல் கவிழ்த்தாள்.